ஓடில்லாக் கடல் நத்தைக்குப் பெயர்க் காரணம்

1

காலையில் எழுகிறேன். முகம் கழுவுகிறேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறைக்கு வருகிறேன். தொட்டியில் காற்று மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கிறேன். ஓடுகிறது. இரவில் ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் போனாலும் உப்பு போவதில்லை. உப்பு அளக்கும் குழாயை மிதக்கவிட்டு எண்ணைப் படிக்கிறேன். கண்ணாடியில் படிந்த பச்சையைக் காலாவதியான ஓர் அடையாள அட்டையால் சுரண்டுகிறேன். அட்டையில் என் மனைவியின் படம் இருக்கிறது. அவளே அதை இதற்குத்தான் வைத்திருந்தாள். பால் பொங்குகிறது. அத்தை வந்து அடுப்பை அணைக்கிறார். நான் சட்டை போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கிறேன்.

ஒரு கதை இப்படித் தொடங்கினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்று தெரியும். உண்மையில் நான் கதை எழுத உட்காரவில்லை. என்னிடம் கேட்டது இரண்டே வாக்கியங்கள்.

என் மனைவி கடல் நத்தைகளை வகைப்படுத்தும் ஆய்வாளர். ஓடில்லாத கடல் நத்தைகள். அவற்றில் ஒன்றுதான் தொட்டியில் இருக்கிறது. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம், அவள் கண்டெடுத்தது. பெயர் வைப்பதற்குள் இறந்துவிட்டாள். வேலைக்குப் போகும் வழியில், மூளையில் ஒரு ரத்தக்குழாய். அவளுடைய மூத்த ஆய்வாளர் (அவள் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்கா) இந்த இனத்துக்கு அவள் பெயரையே வைக்கப் போகிறார். அப்படி வைக்கும்போது ஆய்வுக் கட்டுரையில் 'பெயர்க் காரணம்' என்று ஒரு சின்னப் பத்தி வர வேண்டும்.

"நீங்களே எழுதுங்க தம்பி. ரெண்டு வரி போதும். எழுதற வேலைலதானே இருக்கீங்க?"

இருக்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, ஒரு தாள், அதை எழுதுகிறவன் நான். யாரும் படிப்பதில்லை. படிக்கிறவர்கள் பயந்துவிடுகிறார்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஆழ்கடலின் அமைதியில், வெளிச்சம் தயங்கித் தயங்கி இறங்கும் இடத்தில்

நிறுத்துகிறேன். அவள் இதை எடுத்தது முழங்கால் அளவுத் தண்ணீரில். துறைமுகத்தின் கல் அணைக்குக் கீழே, ஒரு லாரி டயருக்குப் பக்கத்தில். ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

இரண்டாம் முயற்சி:

அவள் சிரிக்கும்போது கடலின்

இதுவும் வேண்டாம். கடலை உவமைக்குக் கூப்பிட்டால் கூடவே மீன் வாடையும் வரும்.

மூன்றாம் முயற்சியில் தகவல் மட்டும். கடல் நத்தை பிறக்கும்போது ஓட்டோடுதான் பிறக்கிறது. குஞ்சாக மிதந்து திரிந்து, தனக்கான சாப்பாடு இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்து இறங்குகிறது. இறங்கியதும் ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறது. பிறகு செவுளை முதுகில் பூப்போல விரித்துக்கொண்டு உலாவுகிறது. ஓடு இல்லாத குறைக்கு வேறு ஏற்பாடு. சில வகைகள் கொட்டும் பிராணிகளைத் தின்று, அவற்றின் கொடுக்குகளைச் செரிக்காமல் தங்கள் முதுகில் அடுக்கிக்கொள்கின்றன. சில, பாசியை உறிஞ்சி அதன் பச்சையைத் தோலில் பதித்து வெயிலில் சமைத்துக்கொள்கின்றன. நம்முடையது நச்சுள்ள கடற்பஞ்சைத் தின்று அந்த நச்சைத் தோலில் சேர்க்கும் வகை. ஆரஞ்சு உடம்பு, ஊதா ஓரம், தலையில் மோப்பத்துக்கு இரண்டு கொம்புகள். கண் என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. அதற்கு வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும், நான் தெரியமாட்டேன்.

[இங்கே ஒரு குறிப்பு. விருந்தாளிகள் எல்லோரும் "ஓ, கடல் அட்டையா?" என்றுதான் கேட்பார்கள். அது வேறு பிராணி. அவள் முதலில் விளக்குவாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை எனக்குக் கொடுத்துவிட்டாள்.]

எந்தப் பஞ்சைத் தின்னும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மஞ்சள் பஞ்சு வைத்தாள். அதன்மேல் ஏறி இறங்கிப் போனது. சிவப்பு வைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் சாம்பல் நிறத்தில், பூண்டு வாடையோடு, பார்க்கவே சகிக்காத ஒன்றை வைத்தாள். இரண்டு மணி நேரத்தில் ஓரம் காணாமல் போயிருந்தது.

"உன்னை மாதிரியேதான்," என்றாள் என்னிடம். "கடையில இருக்கறதுலயே மோசமானதைத் தேடி எடுக்குது."

3

கதையில் சந்தேகமான பாத்திரம் அக்கா. ஒரு வில்லி இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அவரை அந்த இடத்தில் உட்கார வைக்க நான் மூன்று பக்கம் செலவழித்தேன். உட்கார மறுக்கிறார். ஒவ்வொரு வாரமும் ஆய்வகத்தில் வளர்த்த சாம்பல் பஞ்சை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு, வேகாத வெயிலில் இரண்டு பஸ் மாறி வருகிறவரை என்ன செய்ய முடியும்? இத்தனை மாதமாக வந்தும் விஷயத்தை எடுக்கவில்லை. போன வாரம்தான் எடுத்தார். தொட்டிக்கு முன் முட்டி போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார்.

"கிழடாயிடுச்சு தம்பி. ஓரமெல்லாம் சுருண்டிருக்கு பாருங்க. சாப்பிடுதா?"

"பஞ்சைத் தொடவே இல்லக்கா."

"இதுங்க ஆயுசே மிஞ்சிப்போனா ஒரு வருஷம். தானாச் செத்துச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது. காலைல சளி மாதிரி ஏதோ கிடக்கும், அவ்வளவுதான். உயிரோட இருக்கறப்பவே மயக்கி எரிசாராயத்துல போட்டாத்தான் அருங்காட்சியகத்துல வைக்க ஒரு மாதிரி கிடைக்கும்."

"போட்டோ நூறு இருக்கேக்கா."

"போட்டோவுக்குப் பல் இருக்கா?"

இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவை. நத்தையின் நாக்கில் வரிசை வரிசையாக நுண்பற்கள் இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நத்தைகளைப் பல்லைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். அதைவிட முக்கியம், ஒரு பெயர் காற்றில் நிற்காது. அதைக் குப்பியில் இருக்கும் ஓர் உடலோடு கட்டிவைக்க வேண்டும். உலகத்தில் வேறு எங்கே இந்த நத்தை கிடைத்தாலும், அந்தக் குப்பியோடு ஒப்பிட்டுத்தான் இது அதுதான் என்று சொல்வார்கள். படத்தை மட்டும் வைத்துப் பெயர் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது என் மனைவி மூக்கைச் சுளிப்பாள்.

"வேற ஒண்ணு தேடலாமே?"

"நான் தேடலேன்னா நினைக்கறீங்க? அணையை அகலமாக்கறாங்க. அந்தக் கல்லு, அந்தப் பஞ்சு எல்லாம் சிமெண்டுக்குள்ள. இது ஒண்ணுதான்." எழுந்திருக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை காலைல குப்பியோட வரேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. ஆனா அவ பேருக்கு வேற வழி எனக்குத் தெரியல."

ஆக, விஷயம் இதுதான். இதைக் கொன்றால் அவள் பெயர் நிற்கும். கொல்லாவிட்டால் இது கொஞ்ச நாள் இருக்கும். பிறகு இரண்டும் இல்லை.

நாளை ஞாயிறு.

4

அத்தையைக் கதையில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. வீட்டிலேயே எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. மகளுக்காக வந்தவர் போகவில்லை. நானும் போங்கள் என்று சொல்லவில்லை. நாலு பேர் கேட்டால் மாமியார் என்கிறேன். ஆனால் எங்களைக் கட்டியிருந்த முடிச்சு இப்போது இல்லை.

கடல் நத்தைகளுக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஓடில்லாதவை, ஓடு சிறுத்தவை எல்லாவற்றையும் ஒரே பெரிய குடும்பமாகப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது பாதிப் பேர் சொந்தமே இல்லை என்று தெரிந்தது. ஓட்டை அவரவர் தனித்தனியாகத் தொலைத்திருக்கிறார்கள். குடும்பத்தைக் கலைத்துவிட்டார்கள். நத்தைகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவை பழையபடி பக்கத்துப் பக்கத்துக் கல்லில்தான் மேய்கின்றன.

[இன்னொரு குறிப்பு. மனைவியை இழந்தவனுக்குத் தபுதாரன் என்று அகராதியில் ஒரு சொல் இருக்கிறது. யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெயர் உண்டு, மாதிரி இல்லை.]

பெயர் விஷயத்தை அத்தையிடம் சொன்ன அன்று:

"புழுவுக்கா என் பொண்ணு பேரை வைக்கறீங்க?"

"புழு இல்ல அத்தை. நத்தை. ஓடு இல்லாத நத்தை."

"ஓடும் இல்லையா? இன்னும் விசேஷம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆணா, பொண்ணா?"

"ரெண்டும்தான். ஒவ்வொண்ணும் ரெண்டும்."

"பரவால்ல. வீட்ல சண்டை இருக்காது."

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது தொட்டிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தின்னேண்டி, தின்னாத்தானே தெம்பு," என்று பஞ்சைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரல் மாறியது.

"அந்தப் பேரு எத்தனை காலம் இருக்கும் மாப்பிள்ளை?"

"புத்தகம் இருக்கற வரைக்கும்."

"பேரன் பேத்தின்னு இருந்தாக்கூட ரெண்டு தலைமுறைக்கு மேல யாரு ஞாபகம் வச்சுப்பாங்க? வச்சிடச் சொல்லுங்க."

"அதுக்கு இதைக் கொல்லணும் அத்தை."

அத்தை தொட்டியைப் பார்த்தார். நத்தை கண்ணாடியின் மூலையில் ஒட்டிக்கொண்டு கொம்பை மட்டும் அசைத்தது.

"யாரு?"

"அக்கா. இல்லேன்னா நான்."

"அவ பண்ணியிருப்பாளா?"

"அவ வேலையே அதுதானே. நூத்துக்கணக்குல பண்ணியிருக்கா."

"நீங்க அவ இல்லியே," என்றார் அத்தை. நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

5

பெயர்க் காரணம், வரைவு: இந்த இனம், இதைக் கண்டெடுத்து இதன் உணவை முதலில் அறிந்த ஆய்வாளரின் நினைவாகப் பெயரிடப்படுகிறது. அவர்

அவர் என்ன? மருந்துத் தாளில் என்றால் தெரியும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன், தரம் உங்களுக்கே தெரியும்.

அ. நான் சம்மதிக்கிறேன். அக்கா மயக்குகிறார், எரிசாராயம் ஊற்றுகிறார். சில வாரங்களில் ஆரஞ்சு போய்விடும், ஊதா போய்விடும். எல்லா நத்தையும் குப்பிக்குள் ஒரே வெளிறிய நிறம்தான். பல வருடம் கழித்து நான் அருங்காட்சியகத்துக்குப் போய், நரைத்த தலையோடு, குப்பியில் அவள் பெயரைப் படிக்கிறேன். (அந்த அறைக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள். அக்கா சொன்னார்.)

ஆ. விடிவதற்கு முன் ஐஸ்கிரீம் டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விடுகிறேன். பின்னணியில் சூரியன். (அதன் பஞ்சு சிமெண்டுக்குள். பசியோடு சாக அனுப்புவதற்கு விடுதலை என்று பெயர்.)

இ. காலையில் கண்ணாடியில் ஒரு முட்டை நாடா. ரோஜா இதழ் போல, சுருள் சுருளாக. வாசகர்களுக்கு முட்டை பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். தனியாக இருக்கும் நத்தையும் முன்பே வாங்கிவைத்த விந்தைக் கொண்டு முட்டையிடலாம், அறிவியல் தடுக்கவில்லை. (குஞ்சுகள் மிதக்கக் கடல் வேண்டும். வீட்டுத் தொட்டியில் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆயிரம் சாவுக்கு நம்பிக்கை என்று பெயர் வைக்க எனக்குக் கை வரவில்லை.)

அத்தையிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன்.

"மூணுலயும் அது சாகுது," என்றார்.

"ஆமா அத்தை."

"அப்போ இதுக்கு எதுக்கு மூணு?"

7

நான் முடிவு எழுதப் போவதில்லை. நாளைக் காலை கதவு தட்டப்படும்போது என்ன செய்வேன் என்று இந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதினால் கதை நன்றாக வரும். நீங்கள் யாராவது கதவைத் திறந்து அக்காவை உள்ளே விடுங்கள்; அல்லது விடாதீர்கள். குப்பியின் மூடி உங்கள் கையில்.

ஒன்று மட்டும் பாக்கி. எல்லோரும் என்னிடம் கேட்டார்கள்: கடைசியா என்ன சொன்னா? ஞாபகம் இல்லை என்று சொல்லிவந்தேன். இந்தக் கதையின் முந்தைய வரைவுகளில் அவளுக்கு நல்ல நல்ல வாக்கியங்களாகக் கொடுத்துப் பார்த்தேன். கடல், ஓடு, பிரிவு எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

நடந்தது இது. காலை. அவள் குப்பியைக் கழுவித் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். பஞ்சு எது என்று தெரிந்துவிட்டது. இனி நத்தை உயிரோடு இருக்க வேண்டிய காரணம் இல்லை. "சாயங்காலம் வந்து போட்டுடறேன்," என்றாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரை. இதற்கு ஏதாவது பேர் வைக்கலாமா என்று சைகையில் கேட்டேனோ, என் முகம் அப்படி இருந்ததோ, தெரியாது.

"பேர் கீர் வச்சுடாதே. அப்புறம் போட மனசு வராது," என்றாள்.

கதைக்கு இந்த வரியில் நிற்க ஆசை. எனக்கும்தான். ஆனால் அவள் இதோடு நிற்கவில்லை. பையைத் தோளில் மாட்டினாள். கதவைத் திறந்தாள். திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். நத்தை பஞ்சின் மேல் இருந்தது, தின்றுகொண்டிருந்தது.

"சரி, இன்னிக்கு வேணாம்," என்றாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்."