மீன் இழுத்த லிஃப்ட்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் நாக்கு இழுத்துக்கொள்ளட்டும். நடந்தது போன மாதம்.

பத்து மாடிக் கட்டடம். பின்சுவரை ஒட்டி ஒரு கால்வாய். அன்று காலை லிஃப்டின் மோட்டார் புகைந்துபோனது. புதுசு மறுநாள்தான் வரும். லிஃப்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டரோ அன்றைக்கே மூன்று மணிக்கு வருகிறார். “சான்றிதழ் வாங்கலன்னா நாளைலேருந்து வேலைக்கு வராத” என்று முதலாளி லிஃப்ட் மெக்கானிக்கிடம் போனில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாதாரண நாளிலேயே அவர் கை சும்மா இருக்காது. கல்யாணப் போட்டோவில் கை மட்டும் கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. மொட்டை மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். மோட்டார் அறைக்குள் போனார், வந்தார், எதற்குப் போனோம் என்று மறந்து மறுபடி போனார்.

வாட்ச்மேன் அவருடைய மச்சான்தான், மனைவியின் தம்பி.

“மாமா, நீங்க நடக்கறதப் பாத்து எனக்குக் கால் வலிக்குது. இந்தாங்க தூண்டில். கொஞ்சம் உக்காருங்க.”

“பத்தாவது மாடிலேருந்தாடா?”

“மீனுக்கு மாடிக் கணக்கு தெரியுமா?”

தூண்டில் நரம்பு பாதி உயரத்துக்குத்தான் வந்தது. மெக்கானிக் பழைய இரும்புக் கயிற்றை எடுத்து, முனையில் கொக்கி மாட்டி, அதில் பாதி பன்னைக் குத்தி இறக்கினார். தண்ணீரைத் தொட்டதும் ஒரே இழுப்பு. கைப்பிடிச் சுவர்வரை சறுக்கிக்கொண்டே போனார்.

வேறு ஆளாக இருந்தால் கயிற்றை விட்டிருப்பான். முப்பது வருடம் லிஃப்டில் உழன்ற கைக்கு அந்தப் பழக்கமில்லை. கயிறு கிடைத்தால் அடுத்து சக்கரத்தில் சுற்றுவதுதான். மோட்டார் அறைச் சக்கரத்தில் சுற்றி, யோசிக்காமல் பிரேக்கையும் தளர்த்திவிட்டார். மீன் கிழக்கே ஓடியது, லிஃப்ட் ஏறியது. மீன் மேற்கே திரும்பியது, லிஃப்ட் இறங்கியது.

மாமாவும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் மச்சான் ஒரு பை பன்னோடு கால்வாய்க் கரையில் நின்றான்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் லிஃப்டில் ஏறி நான்கை அழுத்தினார். மோட்டார் அறையில் நான்காம் எண் எரிந்தது.

“நாலுடா!” என்று மேலிருந்து கத்தினார் மெக்கானிக்.

மச்சான் நாலு மாடித் தூரத்துக்கு ஒரு பன்னை எறிந்தான். லிஃப்ட் பூப்போல நின்றது.

“என்னய்யா, மோட்டார் சத்தமே இல்ல?” இன்ஸ்பெக்டர் உள்ளிருந்த போனில் கேட்டார். “கரண்ட் எவ்வளவு இழுக்குது?”

“கரண்டே வேணாம் சார். தீனி மட்டும் போட்டாப் போதும்.”

அவர் அதைக் குறித்துக்கொண்டு பத்தை அழுத்தினார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. அபாய மணி அலறியது. மெக்கானிக் சக்கரத்துக்கும் சுவருக்குமாக ஓடினார்.

“என்னடா ஆச்சு?”

“பன்னு தீந்துபோச்சு மாமா!”

“எதையாவது போடுடா!”

“என் டிபன் பாக்ஸ்தான் இருக்கு. நான் இன்னும் சாப்பிடல!”

“என் வேலையே போகப்போகுதுடா, பாவி!”

“போடறதுக்கென்ன, அக்கா சமைச்சது. மீன் திங்குமான்னுதான் யோசிக்கறேன்!”

“போடுடா!”

போட்டான். மீன் அருகில் வந்து முகர்ந்தது. முகர்ந்ததுதான் தாமதம், உயிர் பிழைத்தால் போதுமென்று கிழக்கே பாய்ந்தது. லிஃப்ட் பத்தாவது மாடியில் போய் நின்றது.

மெக்கானிக் பிரேக்கை இறுக்கிக் கயிற்றை வெட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டு, ‘சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை, லேசான மீன் வாடை’ என்று எழுதி முத்திரை குத்தினார். வேலை பிழைத்தது. மெக்கானிக் அந்தச் சான்றிதழை மடித்தார், பிரித்தார், சாயங்காலம்வரை மடித்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கால்வாயை மூடி, மேலே சாலை போட்டுப் பதினோரு வருடமாகிறது.