வெள்ளைக் கட்டு

சலவைக்கடைக்காரருக்கு வலது கால் பெருவிரலில் புண். உடம்பில் சர்க்கரை வேறு. பதினைந்து நாளில் தேறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் தவணை கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து மணிக்கு வீட்டுக்கே வந்து கட்டு மாற்றினாள். மனிதர் ஒன்பதரைக்கே பழைய கட்டைப் பிரித்து, புண்ணைத் துடைத்து, புதுத் துணி சுற்றிக்கொண்டு தயாராக இருப்பார். முப்பது வருஷம் ஊரார் அழுக்கை வெளுத்தவர், தன் அழுக்கை ஒரு பெண்பிள்ளை முன்னால் நீட்டுவதா? அவள் பிரித்தால் பால் போல் வெள்ளை. “கசிவு இல்லை” என்று நோட்டில் எழுதுவாள். அவருக்கோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பூரிப்பு. கசிவே இல்லாத புண் ஏன் இப்படி வீங்குகிறது என்று அவள்தான் குழம்பிப்போனாள்.

விஷயம் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். சொன்னால் கோபிப்பார், சொல்லாவிட்டால் விரல் போகும். அந்த அம்மாள் கடவுளிடம் முறையிட்டாள். கடவுள் சில சமயம் பஸ்ஸைச் சீக்கிரம் அனுப்பி வைக்கிறார். ஐந்தாம் முறை நர்ஸ் ஒன்பதரைக்கே வாசலில் நின்றாள். அம்மாள் உள்ளே குரல் கொடுக்கவில்லை, பேசாமல் வழிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்த கலகம் அது ஒன்றுதான்.

கட்டிலடியில் தட்டு. தட்டில் அப்போதுதான் பிரித்த துணி, பச்சையும் மஞ்சளுமாய். நர்ஸ் கத்தியிருக்கலாம். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, இது கடைக்கு வந்த துணின்னு வச்சுக்கோங்க. பாத்துட்டு என்ன சொல்வீங்க?”

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவருக்குப் பொய் வரவில்லை. முதலில் ரத்தம், அப்புறம் இளஞ்சிவப்புத் தண்ணீர், பிறகு அது வெளுத்துத் தெளிந்தது, செவ்வாய்க்கிழமையிலிருந்து கெட்டியான மஞ்சள், நேற்று முதல் பச்சையும் நாற்றமும் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

“இவ்வளவு தெரிஞ்சும் ஏண்ணே மறைச்சீங்க?”

“உனக்கு அருவருப்பா இருக்குமேன்னுதாம்மா.”

“புண்ணு எனக்கு எழுதுற லெட்டர்ண்ணே இது. நீங்க லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டு வெறும் கவரை நீட்டியிருக்கீங்க.”

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்ற டாக்டர், நோட்டைப் புரட்டினார். நான்கு இடத்தில் “கசிவு இல்லை”. கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று வார்டு நடுவில் நர்ஸைப் பிடித்துக்கொண்டார். அவள் தலை குனிந்து நின்றாள், நோயாளியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த வார்டில் சலவைக்கடையின் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். கடைக்காரர் அவர்களை ஒருமுறை பார்த்தார்.

“அந்தப் பொண்ணத் திட்டாதீங்க டாக்டர். அழுக்க ஒளிச்சு வச்சவன் நான்.”

வார்டே கேட்டது. காது சிவக்கப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்தபோது துணி நனைந்துதான் இருந்தது. தெளிந்த தண்ணீர், நாற்றமில்லை. இப்படிக் கொஞ்சம் கசிவது ஆறுகிற புண்ணுக்கு இயல்புதான், விரல் தப்பியது என்றார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆயா துணியைக் குப்பைக்கு எடுத்தபோது கடைக்காரர் தடுத்துவிட்டார். சாயங்காலம் நர்ஸ் வருவாள், அவள் பார்க்க வேண்டும் என்று அதைத் தட்டில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.