வேரின் தலை

விடியற்குளிரில் கடப்பாரையைப் பிடித்தால் உள்ளங்கைத் தோல் உரிந்து வரும். பிடித்துத்தான் ஆகவேண்டும். செங்குத்துச் சரிவில் ஒரு காலைப் பாறையில் முட்டுக்கொடுத்து, மறுகாலை ஈரமண்ணில் ஊன்றிக் குத்தி நெம்ப வேண்டும். நாங்கள் இருபது பேர், மலையில் காய்ச்சல் மருந்துக்கு வேர் தோண்டுகிறவர்கள்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேரை எடுத்ததும், தண்டு முளைக்கும் தலைப்பகுதியை மட்டும் இடுப்புக் கத்தியால் நறுக்கித் திரும்பக் குழியில் வைத்து, குதிகாலால் மிதித்து மூடுவோம். அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் முதலாளி அதில் மண்ணைப் போட்டான். அவனுடைய மலைக் குத்தகை மழைக்கு முன் முடிகிறது; அப்புறம் வேறொருவன் கைக்குப் போகிறது. "தலையும் எடைதான், மூட்டையில போடுங்க. செடி பார்த்து நிக்காதீங்க. கண்ணுல படுறதையெல்லாம் பிடுங்குங்க, கீழ பிரிச்சுக்கலாம்" என்று உத்தரவு. வயிற்றுக்குப் பயந்து ஒரு மாதம் பிடுங்கினோம். நானும்தான்; சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கிழக்குச் சரிவு மொட்டையாகிவிட்டது. விலை போகாத செடிகளைக் கிடங்கு வாசலில் குவித்துக் கொளுத்தினார்கள்.

ஒரு நாள் என் நாத்தனார் மட்டும் ஒரு தலையை நறுக்கிக் குழியில் வைத்தாள். மேஸ்திரி பார்த்துவிட்டான்.

"எடுடி அதை."

"உங்க முதலாளி வயிறு ரொம்புறதுக்கு வேர் போதாதாக்கும்? தலையும் வேணுமா?"

அவளுக்கு எப்போதுமே வாய் நீளம். நாங்கள் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் கை குழிக்குள் இருக்கும்போதே பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. விரலெலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது.

தங்கையின் அலறலில் என் வீட்டுக்காரர் கடப்பாரையை ஓங்கிவிட்டார். மேட்டுப் பாதையில் ஜீப்பில் சாய்ந்து நின்ற முதலாளி அசையவில்லை.

"அடிடா. நீ ஜெயிலுக்குப் போ. நாளைக்கே நாப்பது பேர் வேலைக்கு வருவாங்க."

"அதைக் கீழ போடுண்ணே" என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு. "புண்ணிலை கொண்டு வா. ரத்தம் நிக்கல."

புண்ணிலை அந்த மலையில் களை மாதிரி கிடக்கும். கசக்கிக் கட்டினால் ரத்தம் நிற்கும். நாலு பேர் நாலு பக்கம் ஓடினோம். ஒரு செடிகூட இல்லை. நாங்களே பிடுங்கிப் போட்டதுதான், கிடங்கு வாசலில் எரிந்து போயிருந்தது. திரும்பி வந்து என் மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வேர்களுக்கடியில், நசுங்கி, மூன்று செடி இருந்தது. இரண்டின் இலையைக் கசக்கி அவள் கையில் கட்டினேன். மூன்றாவதை அவள் ரத்தம் சிந்திய குழியிலேயே நட்டு மூடினேன்.

பக்கத்தில் இன்னொரு மூட்டை கவிழ்ந்தது. அப்புறம் இன்னொன்று. எல்லாரும் கத்தியை எடுத்தார்கள்.

"என்னடா பண்றீங்க? அது என் சரக்கு!"

"வேர் உங்களுது, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் என் வீட்டுக்காரர். "தலையத் தர முடியாது."

முதலாளியின் ஆட்கள் தடியோடு இறங்கினார்கள். குனிந்த முதுகுகளில் அடி விழுந்தது. என் தோளில் விழுந்த அடியில் கண் இருட்டியது. என் வீட்டுக்காரரின் மண்டை உடைந்து ரத்தம் காதோரம் வழிந்தது. திருப்பி அடித்தால் முதலாளிக்குக் கொண்டாட்டம். ஓடினால் அதைவிடக் கொண்டாட்டம். குனிந்தபடியே நறுக்கினோம், வைத்தோம், மிதித்தோம். ஒருவர் சுருண்டு விழுந்தால் அடுத்தவர் அந்தக் குழிக்கு நகர்ந்தார். அடித்தவர்கள்தான் முதலில் களைத்து நின்றார்கள்.

"நாளையிலேர்ந்து ஒருத்தருக்கும் வேலை கிடையாது!" முதலாளி கத்தினான். "எவனும் மலையில கால் வைக்கக்கூடாது!"

நாத்தனார் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து நின்றாள்.

"வேலைக்கு வரலைங்க. இன்னும் அரை மூட்டைத் தலை மிச்சமிருக்கு. கிழக்குச் சரிவுல குழியெல்லாம் தொறந்தே கெடக்கு. அங்க நடணும், அதுக்கு வருவோம்."

இருபது பேரும் அவளோடு நின்றோம்.