துவக்குப் பெட்டித் திறப்பு

“அண்ணா, துவக்குப் பெட்டித் திறப்பைத் தா.”

இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இந்தச் சாவியை மட்டும் கேட்கக்கூடாது. மேல்மாடிச் சின்ன அறையின் சுவரில் துப்பாக்கி வைக்க அந்த இரும்புப் பெட்டியைப் பொருத்திய அன்றைக்கே ரதீசன் தங்கச்சிக்குச் சொல்லியிருந்தான். “வீடு எரிஞ்சாலும் திறப்பைக் கேக்காத, ஜது. லைசன்ஸ் என்ர பேரில. இன்னொராளின்ர கையில திறப்பு இருக்கெண்டு தெரிஞ்சாலே பொலிஸ் வந்து எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிடும்.” ஜதுர்ஷிகா அதற்குப் பிறகு கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டாள். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, கையிலிருந்த மரக்கறிப் பையைக் கீழே வைக்கவுமில்லை.

ரதீசன் குசினி மேசையில் ஆறிப்போன தேத்தண்ணிக்கு முன்னால் இருந்தான். சவரம் செய்து கன நாள்.

“என்னத்துக்கு? ஆரைச் சுடப் போறாய்? உன்ர மனேஜரையோ?”

“பகிடியை விடு. திறப்பு.”

அடுப்படியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்த அம்மா சிவனேஸ்வரி கரண்டியோடு திரும்பினாள். “வந்ததும் வராததுமா இதென்ன கதை, பிள்ளை? லீக்ஸ் வாங்கினனீயே?”

லீக்ஸ் வாங்கியிருந்தாள். வாங்கும்போதுதான் அது நடந்தது.

சட்டன் கடைத்தெருவில் அவர்கள் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து யேசுரட்ணம் அங்கிள் அவளை மறித்தார். அண்ணாவின் சுடும் கிளப்பில் இருக்கிற ஒரேயொரு மற்றத் தமிழர். நல்ல மனுசன், வாய்தான் ஓயாது.

“பிள்ளை, தம்பி ரதீசனிட்டச் சொல்லும், வைஸைப் பூட்டிட்டன். அந்தமாதிரி நிக்குது.”

“எந்த வைஸ், அங்கிள்?”

“தெரியாதே? போன கிழமை காரில கொண்டுவந்து இறக்கினவர். சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ், அரங்கள், குட்டி ட்ரில், வால்நட் கட்டையள், ஒண்டும் மிச்சமில்லை. இனித் தேவையில்லையாம். துவக்கை வித்துப்போட்டாரோ?”

“இல்லையே.”

“அதுதானே பாத்தன். கிளப்பிலயும் ஆளைக் காணேல்ல. சித்திரைக்குப் பிறகு வரவேயில்லை. வேலை கூடவோ?”

ஜதுர்ஷிகா ஓம் என்றாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணா துவக்கை வைத்த நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்கென்று காரில் போகிறான், பின்னேரம் வருகிறான். அம்மா சோறு மூடி வைக்கிறாள். அப்படியானால் எங்கே போகிறான்? துவக்கை மடியில் வைத்துக்கொண்டு எந்தக் கார் பார்க்கில் இருக்கிறான்?

கடையிலிருந்து வீடுவரை அவள் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள்.

அவளுக்குத் துவக்கென்றால் ஆகாது. அப்பாவுக்கு அதைவிட ஆகாது. ஊரில் இராணுவச் சோதனைச் சென்றிகளில் கையை உயர்த்தி நின்ற மனுசன், இந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து அந்தச் சின்ன அறைக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் அண்ணாவுக்கு அது துவக்கென்பதைவிட ஒரு வேலை. இந்த நாட்டில் சாதாரண கைத்துப்பாக்கி வைத்திருக்க விடமாட்டார்கள். பொக்கற்றுக்குள் ஒளிக்க ஏலாதபடி நீளக் குழலும், பிடிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியும் வைத்த ரிவோல்வருக்குத்தான் அனுமதி. பார்த்தால் வாலும் மூக்கும் நீண்ட ஓணான் மாதிரி இருக்கும். அவனுடையது மக்னம் என்கிற, சத்தம் கூடின சின்னக் குண்டு போடுவது. “குண்டு சின்னன், வாய் பெரிசு, எங்கட ஜது மாதிரி” என்பான்.

கடையில் வந்த பிளாஸ்ரிக் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு வால்நட் கட்டையில் தானே பிடி செதுக்கினான். முதலாவதை அளவுக்கு மிஞ்சி அராவிக் கெடுத்தான். இரண்டாவதைத் தன் உள்ளங்கை ரேகைக்கே பொருந்துகிற மாதிரிச் செய்துமுடித்து, அதற்கு எண்ணெய் பூசி, ஒவ்வொருவரிடமும் நீட்டி, “மணந்து பார்” என்றான். குழல் நுனியில் குறிபார்க்கிற முளைக்குச் சிவப்புப் புள்ளி வைத்தான். வால் கம்பியின் நுனிக்குப் பித்தளைக் குமிழ் கடைந்து போட்டு, “ஓணானுக்குப் பொட்டும் வைச்சுக் குஞ்சமும் கட்டியாச்சு” என்று அம்மாவைச் சிரிக்க வைத்தான். ஒரு பிடியின் வளைவைப் பற்றி இரவுச் சாப்பாடு முடியும்வரை கதைக்கக்கூடியவன்.

தை மாதம் அவனுக்குப் பேசின வெம்பிளிப் பெண்வீட்டார் நிச்சயதார்த்தத்தை முறித்தார்கள். மண்டபம் பிடித்து, கார்ட் அடித்த பிறகு. அதற்குப் பிறகு அவன் எந்த வளைவைப் பற்றியும் கதைக்கவில்லை. “ஒண்டுமில்லை” என்ற ஒரு சொல்லோடு நடமாடினான். நித்திரையில்லை, சாப்பாடில்லை. டொக்டரிடம் போவோமென்றால், “போனா லைசன்ஸ்காரருக்கு அறிவிப்பாங்கள்” என்றான். சொந்தக்காரர் கேட்டால் அம்மா, “வேலை கூட, பாவம்” என்று சொன்னாள். வீடே சேர்ந்து நாடகம் போட்டது. அவளும்தான் போட்டாள்.

துவக்கு வெறுத்துப்போனவன் துவக்கை விற்பான். இவன் அதைச் செதுக்கிய, அராவிய, அவனுக்குச் சந்தோசம் தந்த சாமான் முழுவதையும் தானம் பண்ணிவிட்டு துவக்கை மட்டும் வைத்திருக்கிறான்.

“வைஸை ஏன் யேசுரட்ணம் அங்கிளிட்டக் குடுத்தனீ?”

ரதீசனின் கை கோப்பையைச் சுற்றி இறுகியது. “வைக்க இடம் காணாது.”

“ஞாயிறில எங்க போறனீ?”

“கிளப்புக்கு.”

“பொய். சித்திரைக்குப் பிறகு நீ அங்க போகேல்ல.”

அம்மா அடுப்பை அணைத்தாள்.

“அந்தாள் ஊர்வாயன்” என்றான் ரதீசன். “நீ கவுன்சிலில வேலை செய்யிறாய் எண்டு வீட்டையும் விசாரிக்க வெளிக்கிட்டிட்டாய். இந்த வீட்டில முதல் பட்டம் எடுத்தாப்போல நீ பெரிய இதோ?”

“ஓம். பெரிய இதுதான். நேராக் கேக்கிறன், நேராச் சொல்லு. நீ சாக யோசிக்கிறியா?”

“வாயை மூடு, ஜது!” அம்மா கத்தினாள். “அந்தச் சொல்லை வீட்டுக்குள்ள சொல்லாத!”

ரதீசன் “இல்லை” என்று ஒரு சொல் சொன்னால் அவள் நம்பத் தயாராக இருந்தாள். அதற்காக நின்று பார்த்தாள். அவன் சொல்லவில்லை. பதிலாகக் காற்சட்டைப் பைக்குள் கையைவிட்டுத் திறப்பை எடுத்து மேசையில் எறிந்தான். அது சீனிப் போத்தலில் பட்டு விழுந்தது.

“இந்தா. போய்த் திற, பார். ஒண்டுமில்லை அங்க. இரும்பு.”

அவள் பையைக் கீழே போட்டுவிட்டுத் திறப்பை எடுத்தாள். மேலே போகவில்லை. ஜாக்கெட்டின் உள்பையில் போட்டு ஸிப்பை இழுத்தாள்.

ரதீசன் சிரித்தான். சந்தோசமில்லாத சிரிப்பு. “அதால என்ன? அம்மாட்ட இன்னொண்டு கிடக்கு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போனது. தாலிக்கொடியோடு ஊசியில் கொழுவியிருந்தது, சின்னத் திறப்பு. இத்தனை காலமும் அதை மிளகாய்த்தூள் அலுமாரித் திறப்பென்று ஜதுர்ஷிகா நினைத்திருந்தாள்.

“நகை வைக்கத்தான், பிள்ளை” என்றாள் அம்மா. “பக்கத்துத் தெருவில சற்குணம் வீட்டை உடைச்சு எல்லாம் கொண்டு போனவங்களல்லே. தமிழ்ச்சனத்தின்ர வீட்டில பவுண் கிடக்கெண்டு கள்ளருக்குத் தெரியும். சுவரோட பூட்டின பெட்டி இதுதானே. உன்ர நகையும் அதுக்குள்ளதான் கிடக்கு.”

“அம்மா, உங்களிட்டத் திறப்பு இருக்கிறது சட்டப்படி பிழை.”

“சட்டம் வந்து என்ர பிள்ளையைப் பாக்குமே? நான்தானே பாக்கிறன். விடியப் போய்த் திறந்து பாக்கிறனான். குண்டுப் பெட்டி வைச்சபடி இருக்கோ, அதில ஒட்டின டேப் கிழியாமல் இருக்கோ எண்டு…” நடுவில் நிறுத்தினாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவளுக்கே விளங்கியது.

ரதீசன் தலையை நிமிர்த்தினான். “அந்த டேப் நீங்கள் ஒட்டினதோ?”

அம்மா அழவில்லை. முந்தானையால் கரண்டியைத் துடைத்தாள், துடைத்த கரண்டியையே திரும்பவும் துடைத்தாள்.

ஜதுர்ஷிகா அம்மாவுக்குக் கிட்டப் போனாள். “அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் டேப் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறீங்கள். நீங்கள் நித்திரை கொள்ளேக்க? கோயிலுக்குப் போகேக்க? காருக்குள்ள ஆர் டேப் ஒட்டுறது?”

“வேற என்ன செய்யச் சொல்லுறாய்? வெளியில சொன்னா இவனுக்கு ஆர் பொம்பிளை தருவினம்? விசர், பைத்தியம் எண்டு பட்டம் கட்டிப்போடுவாங்கள். உனக்கும் ஒருத்தரும் வராயினம்.”

“வராட்டி வராமல் இருக்கட்டும்.” அவள் கையை நீட்டினாள். “அதையும் தாங்கோ.”

“திறப்பை நீ வைச்சிருக்கப் போறியே? அப்ப உன்னையும் பிடிப்பாங்கள்.”

“பிடிக்கட்டும். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறன். பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போறன், அம்மா. வந்து துவக்கைக் கொண்டு போகட்டும். டொக்டரிட்டயும் சொல்லுவன்.”

“அம்மாட்ட இருந்த திறப்பைப் பற்றி மட்டும் சொல்லு” என்றான் ரதீசன், மெல்ல. “அதுக்கே லைசன்ஸை எடுத்துப்போடுவாங்கள். மற்றதைச் சொல்லாத.”

அது நல்ல வழிதான். அவளும் ஒரு கணம் அதை எண்ணிப் பார்த்தாள். அம்மாவின் நகைப் பைத்தியத்தில் பழியைப் போட்டால் துவக்கும் போகும், மானமும் நிற்கும், அடுத்த தையில் இன்னொரு மண்டபம் பிடிக்கலாம். அண்ணா மட்டும் இந்த மேசையில், இந்த ஆறின தேத்தண்ணியோடு, அப்படியே இருப்பான்.

“இல்லை. முழுக்கச் சொல்லுவன்.”

“சொன்னா எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை.”

“இல்லாமல் போகட்டும். எனக்கு அண்ணா இருந்தாப் போதும்.”

அம்மா ஊசியைக் கழற்றினாள். விரல் வழுக்கி, திரும்பவும் பிடித்து, கழற்றினாள். திறப்பை மகளின் கையில் வைத்தபோது அவளுடைய கை எண்ணெயும் வியர்வையுமாக இருந்தது. “மெல்லமாச் சொல்லு, பிள்ளை” என்றாள். “சத்தம் போட்டுச் சொல்லாத. யூனிபோமில ஆக்களை அனுப்பவேண்டாமெண்டு கேட்டுப் பார்.”

“நீங்கள் இவனோட இருங்கோ. ஒரு நிமிசம் தனிய விடாதேங்கோ. அப்பாவுக்குப் போன் அடிச்சு ஷிப்டை விட்டிட்டு வரச் சொல்லுங்கோ.”

கதவடிக்குப் போக அண்ணாவைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆறடி ஆள். மறிக்க நினைத்தால் ஒரு கை போதும், எழும்பவும் தேவையில்லை. அவள் வயிற்றை எக்கிக்கொண்டு அவனுடைய கதிரைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையில் நுழைந்தாள். அவன் கையை நீட்டவில்லை. கதிரையை முன்னுக்கு இழுத்து அவளுக்கு வழி விட்டான்.

அதைக் கண்டபின் அவள் நின்றால் அழுதுவிடுவாள். நிற்கவில்லை. வாசல் கதவைத் திறந்து வெளியே இறங்கினாள். பின்னால் அம்மா, “ராசா, ரெண்டு வாய் சாப்பிடன்” என்று கெஞ்சுவது கேட்டது. அதற்கு அவன் என்ன சொன்னானென்று கேட்காத தூரத்துக்கு, பஸ்ஸுக்கும் காத்திராமல், அவள் நடந்தாள்.