ஏழாம் எண் காற்றாலை

ஆல்போர்க் பல்கலைக்கழக ஆய்வு மாணவி சிக்னே, பாதி வாரம் காற்றாலை நிறுவனத்தில் வேலை பார்த்தாள். சம்பளம் தந்ததும் அந்த நிறுவனம்தான். அன்று காலை, கடலில் நின்ற ஏழாம் எண் காற்றாலையில் இறக்கையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் விரிசல் விடுவதாக அவளுடைய அளவீடுகள் காட்டின. உள்ளே இரண்டு பேர் பழுதுபார்க்க ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவள் சொன்னதைக் கேட்டு நிறுவன வழிகாட்டி ப்ரெபென் சிரித்தார். "உன் கணக்குலதான் கோளாறு. மூணு வருஷ உழைப்பைக் கெடுத்துக்காத."

சிக்னே தன் பல்கலைக்கழக வழிகாட்டியான பேராசிரியை கிர்ஸ்டனுக்குப் போன் செய்தாள்.

"தப்பா இருந்தா என் ஆராய்ச்சியே போச்சு, கிர்ஸ்டன்."

"சரியா இருந்தா? முதல்ல அவங்கள இறக்கு!"

சிக்னே கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி, காற்றாலையில் இருந்த இருவரையும் ரேடியோவில் உடனே இறங்கச் சொன்னாள். ப்ரெபென் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

இருவரையும் ஏற்றிக்கொண்டு படகு விலகிய அரை மணி நேரத்தில் இறக்கை கழன்று கடலில் விழுந்தது.

ப்ரெபென் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவங்கள அனுப்பினதே நான்தான்," என்றார்.