திரும்பிப் பார்க்கக் கூடாது

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ன் வாசிக்கிறவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பக்கத்தில் இருப்பவருக்குச் சுரம் பிசிறினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அரங்கத்துக்கே ஆளைக் காட்டிக் கொடுத்த மாதிரி. ஹார்ன் என்பது பன்னிரண்டடிக் குழாயைச் சுருட்டி வைத்த வாத்தியம். மேல் சுரங்கள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உதடு இம்மி பிசகினால் பக்கத்துச் சுரத்தில் போய் விழும். இருபத்திரண்டு வருஷமாக முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எனக்கும் விழும். ஒப்புக்கொள்ளத்தான் வாய் வராது. அப்படி ஒரு வீம்பு.

இரண்டாம் நாற்காலிக்கு வந்த பெண்ணுக்கு அன்றைய கச்சேரியோடு ஓராண்டுத் தற்காலிக வேலை முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்று ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் கச்சேரி முடிந்த கையோடு எழுதிக் கொடுத்துவிடுவார். அவளுடையது துணிச்சலான வாசிப்பு. எவ்வளவு மெல்லிய சுரத்தையும் தயங்காமல் எடுப்பாள். பத்தில் ஒன்று தவறும். மற்ற ஒன்பதில் நமக்குப் புல்லரிக்கும். சின்ன வயசில் நானும் அப்படித்தான் வாசித்தேன் என்று வீட்டில் சொல்வேன். மனைவி சிரிப்பாள்.

முதல் பாதியில் நாங்கள் இருவரும் சேர்ந்து மெதுவாகத் தொடங்கும் இடம். என் சுரம் உடைந்தது. துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி, அப்பட்டமாக. கண்டக்டர் நிமிர்ந்தார். என் கழுத்து தானாகத் திரும்பியது என்று சொன்னால் அது பொய். நான்தான் திருப்பினேன். அவளைப் பார்த்தேன்.

இடைவேளையில், ஹார்னைச் சாய்த்து, ஊதின மூச்சு குளிர்ந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

“அண்ணா, என்னைப் பாத்தீங்களே... பிசிறினது நானா? ஒண்ணா எடுத்ததுல எனக்கே சரியாத் தெரியல.”

இல்லம்மா, நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

“அதை விடும்மா. ரெண்டாவது பாதியில கொஞ்சம் பாத்து வாசி. ரிஸ்க் எடுக்காத,” என்றேன், பெரிய மனுஷன் குரலில்.

பார்த்துத்தான் வாசித்தாள். அவளுக்கென்றே இருந்த நீண்ட பகுதியில் ஒரு சுரமும் தவறவில்லை. தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவள்போல, ஒவ்வொன்றையும் தொட்டும் தொடாமலும் வாசித்து முடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது.

கைதட்டல் ஓய்ந்ததும் கண்டக்டர் அறைக்கு ஓடினேன்.

“சார், முதல் பாதியில பிசிறினது நான். அவ இல்ல.”

அவர் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். “அதுக்கென்ன இப்போ? பிசிறாத ஹார்ன் எங்க இருக்கு? ஒரு சுரத்துக்காகவா ஆளை அனுப்புவேன்? ரெண்டாவது பாதியில பயந்து பயந்து வாசிச்சா பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“பாத்து வாசின்னு நான்தான் சார் சொன்னேன்.”

“யார் சொன்னா என்ன? பயந்தது அவதானே,” என்று விளக்கை அணைத்தார்.

பின்வாசல் படியில் ஹார்ன் பெட்டியோடு அவள் நின்றிருந்தாள். சேதி இன்னும் அவளுக்குப் போகவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணா, நீங்க சொன்னபடியே வாசிச்சேன். ஒரு பிசிறு கூட இல்ல, கவனிச்சீங்களா?”

“கவனிச்சேம்மா,” என்றேன். இந்த முறை என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.