அரை மாத்திரை

அம்மாவின் காரில் கண்ணை மூடினால் அப்பாவின் வண்டியில்தான் கண்ணைத் திறப்பாள் எலின். ஆறு வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு வருடமாக இதுதான் பயணம். ஒரு குழந்தையைப் பார்சல் மாதிரி அனுப்புகிறார்களே என்று கேட்க யாரும் இல்லை. அந்த நெடுஞ்சாலையில் கேட்பதற்கு ஆளும் கிடையாது. பனியும் குட்டையான ஊசியிலை மரங்களும்தான்.

அம்மா கோரினுக்குத் தெற்கே வின்னிபெக் நகரத்தில், ஒரு பல் மருத்துவரிடம் வேலை. அப்பா ரஸ் வடக்கே தாம்சனில், நிக்கல் சுரங்கத்தில். மணமுறிவுத் தீர்ப்பில், பிள்ளையைப் பாதி வழியில் கை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களுக்கு வரைபடத்தில் பார்க்க எளிதாக இருந்திருக்கும். பாதி வழி என்றால் கிராண்ட் ராப்பிட்ஸ். அங்கே ஒரு பெட்ரோல் பங்க், அதோடு ஒட்டிய கடை. அந்த வாசலில்தான் எலின் மாதம் ஒரு தடவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனாள்.

முதல் சில தடவைகள் நரகம். சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவாள். கத்திக் கத்தி வாந்தி எடுப்பாள். அப்பாவைப் பிடிக்காமல் இல்லை. திரும்பி வரும்போது அம்மாவிடம் வரவும் அதே கத்தல்தான். ஒருமுறை கடைக்காரப் பெண்மணி வெளியே வந்து, "போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். ரஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நான் இவளோட அப்பாங்க" என்றான். பிள்ளை திமிறிய திமிறலில் அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் நம்பினாளோ என்னவோ.

கோரினின் அக்கா பெவ்தான் வழி சொன்னாள். பெவ் எதற்கும் வழி சொல்வாள்.

"வாந்தி மாத்திரை இருக்குல்ல, அதுல பாதி குடு. நான் எங்க பசங்களுக்கு ஃப்ளோரிடா போறப்ப எல்லாம் குடுத்திருக்கேன். ஏறினதுதான் தெரியும், இறங்கினதுதான் தெரியும்."

"அதுங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"எங்க வீட்டுக்காரரோட பிள்ளைங்கடி. இதுக்கு மேல மந்தமாகிறதுக்கு என்ன இருக்கு?"

மருந்துக்கடையில் இருந்த இளைஞன் அவ்வளவு எளிதாக விடவில்லை. எடையைக் கேட்டான், வயதைக் கேட்டான். பிறகு, "வாந்திக்குன்னா அரை மாத்திரை குடுங்க. தூங்க வைக்கிறதுக்குன்னா குடுக்காதீங்க" என்றான். கோரின், "வாந்திக்குத்தான்" என்றாள். அந்தச் சாலையில் வளைவே கிடையாது. நூல் பிடித்த மாதிரி வடக்கே போகும். எலினுக்கு வாந்தி வந்தது சாலையால் அல்ல என்று கோரினுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் என்ன நிம்மதி அது! ஆஷர்ன் ஊரில் காரை நிறுத்தி மாத்திரையைக் கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் தலை சாயும். கிராண்ட் ராப்பிட்ஸில் ரஸ் அவளைப் போர்வையோடு அள்ளித் தன் வண்டியில் கிடத்துவான். கதவை ஓசைப்படாமல் சாத்துவான். "எப்ப குடுத்த?" என்பான். "ஆஷர்ன்ல" என்பாள் இவள். அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது கேள்வி இவளுடையது, பதில் அவனுடையது. வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அந்த அரை மாத்திரையில் மட்டும் கணவன் மனைவியாக இருந்தார்கள்.

மார்ச் மாத விடுமுறைக்கு முந்தின நாள் எலின் குளித்துவிட்டு வந்து கேட்டாள்: "அம்மா, நாளைக்கு மாத்திரை வேணாம்."

"ஏன் செல்லம்? வயித்தைப் புரட்டுமே."

"புரட்டாது. நான் பார்க்கணும்."

"எதை?"

"நீ என்னை அப்பாகிட்ட குடுக்கிறதை. மாத்திரை குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து ஒரு தடவைகூட நான் பார்க்கல. ஸ்கூல்ல மிஸ் கேட்டாங்க, அப்பா வீட்டுக்கு எப்படிப் போவேன்னு. எனக்குத் தெரியலை." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அழமாட்டேன். முன்னாடி சின்னப் பிள்ளை, அதான் அழுதேன். இப்ப நடந்தே போய் ஏறிக்குவேன். அப்பாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன்" என்றாள்.

கோரின் அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "சரி, குடுக்கல" என்றாள். "சத்தியமா?" "சத்தியமா." அந்த நேரத்தில் அது பொய்யில்லை. அவளைத் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். எலினுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரே வந்த லாரிகளுக்கெல்லாம் கை காட்டினாள். ஆஷர்ன் நெருங்க நெருங்கத்தான் பேச்சு குறைந்தது.

"இன்னும் ரொம்ப தூரமா?"

"இன்னும் இருக்கு."

"நீ இறங்கி நிப்பியா? இல்ல உடனே போயிடுவியா?"

"நிப்பேன்."

"நான் கை காட்டுற வரைக்கும் நிப்பியா?"

கண்ணாடியில் பார்த்தாள் கோரின். பிள்ளை அழவில்லை. அழாமல் இருப்பதற்காகக் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையுறையை முறுக்கிக்கொண்டிருந்தாள். கத்துகிற பிள்ளையைக்கூடக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இப்படி வாயைக் கட்டிக்கொண்டு நடந்து போகிற பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? அதன் பிறகு அவ்வளவு தூரமும் ஒற்றை ஆளாக எப்படிக் காரோட்டித் திரும்புவது? முடியாது என்று தோன்றிவிட்டது. மாத்திரை குழந்தைக்காக என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாளே, அந்தப் பூச்சு அன்றைக்கு உதிர்ந்தது. அது அவளுக்காக. எப்போதுமே அவளுக்காகத்தான்.

ஆஷர்னில் சாக்லேட் பால் வாங்கினாள், சூடாக. கடையின் கழிவறைக்குள் போய் மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நொறுக்கிக் கலக்கினாள்.

எலின் ஒரு வாய் குடித்தாள். "கசக்குது."

"இந்தக் கடைல அப்படித்தான் இருக்கும். ஆறிடும், குடி."

பிள்ளை ஒரு நிமிடம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அம்மா சொன்னதால் குடித்தாள். வேறு காரணம் இல்லை.

காரில் ஏறிய பிறகு நடந்ததைக் கோரின் யாரிடமும் சொன்னதில்லை, பெவ்விடம்கூட. எலின் முதலில் கொட்டாவி விட்டாள். கண்ணைக் கசக்கினாள். பள்ளிக்கூடப் பாட்டு ஒன்றைச் சத்தமாகப் பாடினாள். நடுவில் வார்த்தை குழறியது. "ஜன்னலைத் திற அம்மா" என்றாள். திறந்தால் காதை அறுக்கிற குளிர். "இன்னும் திற." பிறகு தன் கன்னத்தில் தானே தட்டிக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு ஏன் தூக்கம் வருது?"

"சீக்கிரம் எழுந்தேல்ல, அதான்."

"என்னைத் தூங்க விடாத அம்மா. பேசிட்டே இரு. ப்ளீஸ், பேசு."

கோரின் பேசினாள். எதையோ பேசினாள், பூனையைப் பற்றி, பனிச்சறுக்கு பற்றி. தன் வாய் பேசுவதைத் தானே கேட்டுக்கொண்டு ஓட்டினாள். அந்தப் பேச்சில்தான் பிள்ளை தூங்கிப்போனாள்.

கிராண்ட் ராப்பிட்ஸில் ரஸ் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தான். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, கையில் ஒரு டோனட் பெட்டி. பின்கதவைத் திறந்து பார்த்தவன் அப்படியே நின்றான்.

"குடுத்துட்டியா?"

அவள் எலினின் பையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"வேணாம்னு அவ்வளவு கெஞ்சினாளே! போன்ல எத்தனை தடவை சொன்னா தெரியுமா, அப்பா நான் முழிச்சிட்டு வருவேன், நீ கதவைத் திறக்காத, நானே திறப்பேன்னு. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"நீ ரொம்ப யோக்கியமா? போன மாசம் அவளை விறைச்ச கட்டை மாதிரி கொண்டுவந்து குடுத்தியே, அது யார்?"

"அவ வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி குடுத்தேன்டி. நீ, அவ சொன்னதுக்கு அப்புறம் குடுத்திருக்கே."

ரஸ் டோனட் பெட்டியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, குனிந்து பிள்ளையைத் தூக்கினான். அவன் தோளில் தலை சாய்ந்தபோது எலினின் இமை பாதி திறந்தது. அம்மாவை அடையாளம் கண்டுகொண்டது அந்தப் பார்வை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு இமை மறுபடியும் மூடிக்கொண்டது. கூரைமேல் பெட்டி இருந்ததைக் கவனிக்காமல் கோரின் கிளம்பிவிட்டாள். அது எங்கோ சாலையில் விழுந்தது.

ஒரு வாரம் கழித்து அதே வாசல். இந்தத் தடவை எலின் விழித்துக்கொண்டு வந்தாள். வண்டிக் கதவைத் தானே திறந்து, பையைத் தானே இழுத்துக்கொண்டு, பனியில் நடந்து வந்து அம்மாவின் காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அழவே இல்லை. கோரினுக்கு மார்பு பூரித்துவிட்டது. அப்பாடா, ஒரு வழியாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தாள், பாவம்.

ரஸ் கோரினைத் தனியாக அழைத்தான். இந்த முறை கோபம் இல்லை, முகம் வாடிக்கிடந்தது.

"ஒரு வாரமா நான் சமைச்ச எதையும் தொடல. பிரிக்காத பாக்கெட்டா இருந்தா சாப்பிடுறா. இல்லன்னா வாழைப்பழம், தோலோட குடுக்கணும். தண்ணியை அவளே குழாய்ல பிடிச்சுக்கிறா. அடிக்கல, திட்டல, நான் என்ன பண்ணட்டும்?"

"கேட்டியா?"

"கேட்டேன். எனக்குப் பசிக்கலன்னு சொன்னா. ராத்திரி வயிறு கத்துறது எனக்குக் கேக்குது, பசிக்கலங்கிறா."

வீடு வந்து சேரும்போது சாயங்காலம். போகவும் வரவும் ஒரே நாளில் ஓட்டியதில் கோரினுக்கு முதுகு விட்டுப்போயிற்று. இருந்தும் சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். கோழி சூப், அகல நூடுல்ஸ் போட்டு, எலினுக்குப் பிடித்தபடி. ஒவ்வொன்றையும் அவள் பார்க்கப் பார்க்க வெட்டிப் போட்டாள். கிண்ணத்தில் ஊற்றி மேசைமேல் வைத்தாள்.

எலின் கரண்டியை எடுக்கவில்லை. கிண்ணத்தை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"நீ முதல்ல குடி."

கோரின் குடித்தாள். அதே கிண்ணத்திலிருந்து.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் குடித்தாள். சிரித்துக்காட்டினாள். "பார்த்தியா தங்கம்? ஒண்ணுமே இல்ல. இப்ப நீ குடி."

"இரு. அது உடனே வராது" என்றாள் எலின். கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, அம்மாவின் கண்களையே பார்க்கத் தொடங்கினாள்.

சரி, காத்திருப்போம் என்று உட்கார்ந்தாள் கோரின். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், விழித்திருந்து காட்டிவிட்டால் போதும், பிள்ளை குடித்துவிடுவாள். சமையலறை கதகதப்பாக இருந்தது. வயிற்றில் சூடான சூப். கண்ணெதிரே இன்னும் அந்த நேரான சாலை ஓடிக்கொண்டே இருந்தது. கன்னத்தைக் கையில் தாங்கினாள்.

விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது. கிண்ணம் காலி. ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டாள். பிறகுதான் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தாள். நூடுல்ஸ் எல்லாம் வடிகாலில் அடைத்துக்கொண்டு கிடந்தது. தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். எலினின் குளிர்கோட்டு அவள்மேல் போர்த்தியிருந்தது.

எலின் அதே நாற்காலியில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ தூங்கிட்டே" என்றாள். கோபமே இல்லாத குரல். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துச் சமாதானமும் சொன்னாள்: "பயப்படாத அம்மா. நான் உன்னை யார்கிட்டயும் குடுக்கல."